மாமி மொழிபெயர்த்தால் மனசு திறக்குமா?

தங்கச்சியின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

அவளுக்குப் பிள்ளை கிடைத்த கிழமை மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்தார். சிங்களச் சகோதரி, தமிழ் கொஞ்சம்தான் தெரியும். அதனால் மாமிதான் இடையில் நின்று பேசினார். தங்கச்சியிடம் கேட்ட எல்லாவற்றுக்கும் மாமியின் பதில் ஒன்றுதான்: "ஒரு பிரச்சினையும் இல்ல மிஸ்."

இரண்டாம் முறை வந்தபோது, மாமி தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போன நேரம் பார்த்து மிஸ் தன் போனை எடுத்தார். ஏஐ மொழிபெயர்ப்பு. அவர் சிங்களத்தில் கேட்டது தமிழில் வந்தது. அன்றுதான் தங்கச்சி வாய் திறந்தாள்: "ராவு முழுக்க அழுறேன். பிள்ளையத் தூக்கவே மனசு வருதில்ல."

நம் ஊர்ப் பேச்சைப் போன் பாதி பிழையாகத்தான் சொன்னது. மிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, விளங்கும்வரை திரும்பத் திரும்பக் கேட்டார். அடுத்த நாளே எம்.ஓ.எச். டொக்டரிடம் அனுப்பினார். இன்று தங்கச்சி நலம், அல்ஹம்துலில்லாஹ்.

1926இல் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து வளர்ந்து வந்த சேவை இது. மொழிக்கும் எழுத்து வேலைக்கும் ஏஐ உதவட்டும். ஆனால் தாயின் பெயர், அடையாள அட்டை இலக்கம், கிளினிக் கார்ட் படம் எதையும் அதில் போடக்கூடாது.

மாமிமாரே, உம்மாமாரே, மிஸ் வந்தால் பிள்ளைத்தாச்சியோடு கொஞ்சம் தனியாகப் பேச விடுங்கள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வு ஒரு நோய். அது ஈமான் குறைவு இல்லை.