லங்காவியில் எங்கே தங்குவது?

கோலா கெடா துறைமுகத்திலிருந்து புறப்பட்ட படகு, ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரத்தில் எங்களை லங்காவித் தீவின் குவா நகரில் இறக்கிவிட்டது. கெடா என்பது நம் முன்னோர் கடாரம் என்றழைத்த மண். குவா என்றாலோ மலாய் மொழியில் குழம்பு என்று பொருள். இரண்டு அரக்கர்கள் சண்டையிட்டதில் குழம்புச் சட்டி கவிழ்ந்த இடம் இது என்று தீவு மக்கள் கதை சொல்கிறார்கள். சிறகு விரித்து நிற்கும் பெருங்கழுகுச் சிலையின் அருகே நின்றபோது, பதினான்கு வயது மகள் கேட்டாள்: “உம்மா, நம் விடுதியிலிருந்து நடந்தே கடலுக்குப் போகலாமா?”

நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

குவாவில் அறை எடுத்தது நாங்கள் இருவரும் ஆலோசித்துச் செய்த முடிவுதான். இங்கே பெரிய பள்ளிவாசல் இருக்கிறது, கடைவீதி இருக்கிறது, ஹலால் உணவுக்குக் குறைவில்லை. ஊர்ப் பயணிகள் பெரும்பாலும் தங்குவது மேற்குக் கரையிலுள்ள பந்தாய் செனாங் கடற்கரையில். ஆனால் 1987 முதல் லங்காவி வரியில்லாத் தீவாக இருப்பதால் மது அங்கே மலிவு. “வயது வந்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தின் நடுவே ஏன் போக வேண்டும்?” என்றார் அவர். எனக்கும் அது சரியென்றே பட்டது.

குவாவில் கடல் உண்டு. ஆனால் அது படகுகளின் கடல். குளிக்க ஏற்ற மணற்கரைக்கு அரை மணி நேரம் காரில் செல்ல வேண்டும். நாங்கள் இருந்த நாட்களில் பேருந்து எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. எங்கு செல்வதானாலும் வாப்பா டாக்சி அழைக்க வேண்டும், உம்மா புர்கா அணிந்து புறப்பட வேண்டும். பிள்ளைகள் அறைக்குள் கைப்பேசியோடு அமர்ந்துவிட்டார்கள். இதற்காகவா இத்தனை செலவு செய்து கடல் கடந்து வந்தோம்?

இரண்டாம் நாள் அஸர் தொழுகைக்குப் பின் மகனைக் காணவில்லை. பதினாறு வயதுப் பையன். அழைத்தால் எடுக்கவில்லை. மஃரிப் கடந்தது, இஷாவும் நெருங்கியது. அந்த இரண்டு மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் என் வயிறு கலங்குகிறது. தலைமுடி நனைந்து, காலெல்லாம் மணலோடு வந்து நின்றான். டாக்சி பிடித்துத் தனியாகச் செனாங் சென்றிருக்கிறான். கை ஓங்கிய தந்தையை நான் தடுத்தேன். “கேட்டிருந்தால் விட்டிருப்பீர்களா, வாப்பா?” என்றான். அவர் பதில் சொல்லாமல் தொழப் போய்விட்டார்.

மறுநாள் காலை நாங்கள் உணவருந்திய கடை தமிழ் முஸ்லிம் ஒருவருடையது. மலேசியாவில் இவற்றை மாமாக் கடைகள் என்பார்கள். தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார்: “பாய், செனாங்கில் கடலை ஒட்டிய தெருவில் எடுக்காதீங்க. உள்ளே மலாய்க்காரர் குடியிருக்கும் சந்துகளில் தங்கும் வீடு கிடைக்கும்.”

அன்றே மாறினோம். முன்பணத்தில் ஓரிரவு வாடகையை இழந்தோம், அது போகட்டும். புதிய இடம், தென்னைகளுக்கிடையே ஒரு மலாய்க் குடும்பம் நடத்திய எளிய விடுதி. எதிரெதிரே இரண்டு அறைகள். சந்தின் முனையில் சூராவ் எனப்படும் சிறு தொழுகைக்கூடம். கடல் பத்து நிமிட நடை. மஃரிபுக்கு முன் திரும்ப வேண்டும், இருவரும் சேர்ந்தே போக வேண்டும் என்பது மட்டுமே நாங்கள் விதித்த நிபந்தனை.

கடற்கரையில் என் மகள் கூசுவாளோ என்று அஞ்சியிருந்தேன். அங்கே மலாய்ப் பெண்கள் முழு உடையும் தலைத்துணியுமாகக் குழந்தைகளோடு அலையில் இறங்கி நின்றார்கள். அவளும் இறங்கினாள், சற்று நேரத்தில் நானும். மதுக்கடைகள் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். இரவில் அந்தப் பெருந்தெரு எனக்கு இறுதிவரை பிடிக்கவில்லை. இஷாவுக்குப் பின் அங்கே போகவில்லை.

செல்ல நினைப்போருக்குச் சில செய்திகள். வடகோடியிலுள்ள தஞ்சோங் ரூ பேரழகான கரை. ஆனால் விலையுயர்ந்த விடுதிகள், நடந்து செல்லக் கடைவீதி இல்லை. புதுமணத் தம்பதியருக்குப் பொருந்தும். பருவ வயதுப் பிள்ளைகள் மூன்றாம் நாளே முகம் சுளிப்பார்கள். பன்னிரண்டு வயதைக் கடந்தவரைப் பல விடுதிகள் பெரியவராகவே கணக்கிடுகின்றன, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நீச்சல்குளத்தில் முழு உடைக்கு அனுமதி உண்டா என்பதையும் கேளுங்கள். வெளிநாட்டவர் ஓர் அறைக்கு ஓரிரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி தனியே செலுத்த வேண்டும். இது 2017 செப்டம்பரில் வந்தது. கெடா மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதை மறக்க வேண்டாம். டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு. ஜெல்லிமீன் எச்சரிக்கைப் பலகை கண்டால் நீரில் இறங்காதீர்கள், கடி கொடியது.

மச்சின்சாங் மலைக்கு 2003 முதல் கேபிள் கார் செல்கிறது. மேலே வானில் வளைந்து நிற்கும் 125 மீட்டர் பாலத்தில் நடக்க என் கால்கள் மறுத்துவிட்டன. பிள்ளைகள் இருவரும் இருமுறை நடந்தார்கள். மஹ்சூரியின் அடக்கத்தலத்தில் மகள் நெடுநேரம் நின்றாள். கற்புநெறி தவறியதாக அவதூறு சுமத்தப்பட்டுக் கொல்லப்பட்டவள். அவளுடைய உடலிலிருந்து வெண்ணிறக் குருதி வடிந்ததாகச் சொல்வார்கள். “யாரும் அவளிடம் கேட்கவே இல்லையா, உம்மா?” என்றாள்.

கடைசி நாள் சுபுஹு தொழுது முடித்து வெளியே வந்தபோது, அறைக் கதவுகள் இரண்டும் திறந்திருந்தன. என் நெஞ்சு ஒரு கணம் திடுக்கிட்டது. சந்தின் முனையில் அண்ணனும் தங்கையும் வந்துகொண்டிருந்தார்கள். கையில் வாழையிலையில் பொதிந்த நாசி லெமாக் நான்கு. மீதிச் சில்லறையை மகன் தன் வாப்பாவிடம் எண்ணிக் கொடுத்தான். அவர் எண்ணாமல் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.