கத்திரி வெயிலில் கிரிவலம்

சித்திரையின் கடைசி ஏழு நாட்களும் வைகாசியின் முதல் ஏழு நாட்களும் பழனியில் அக்னி நட்சத்திரக் கழு விழாவாகக் கொண்டாடப்படுவதை அடியார்கள் அறிவர். மற்ற ஊர்களில் மக்கள் நிழல் தேடி ஒடுங்கும் காலத்தில், அங்கே பெண்கள் கடம்ப மலர் சூடி மலையை வலம் வருகின்றனர். கதிரவன் கார்த்திகை நட்சத்திரத்தைக் கடக்கும் நாட்கள் இவை. கார்த்திகைக்கு அதிதேவதை அக்னி. கார்த்திகைப் பெண்களிடம் பாலுண்டு வளர்ந்தவன் நம் ஆறுமுகன். ஆகவே, வெம்மை உச்சத்தில் இருக்கையில் அவனை நாடிச் செல்வது பொருத்தம் என்றே எனக்குத் தோன்றும்.

எழுபதைக் கடந்த பின்பும் இந்த வலத்தை விட மனமில்லாதோர் நம்மில் பலர். கிரிவீதி ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர்தான். தொலைவு ஒரு பொருட்டன்று, வெயிலே பொருட்டு.

சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையார், அப்போது அவருக்கு 76 வயது, பேரன் நோயிலிருந்து மீண்டதற்காகத் தண்ணீரும் பருகாமல் வலம் வருவதாக நேர்ந்துகொண்டார். இரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியச் செய்யும் மாத்திரை உட்கொள்பவர் அவர். "பிள்ளை பிழைத்ததே முருகன் போட்ட பிச்சை, தம்பி. ஒரு வேளை தண்ணீர் குடிக்காவிட்டால் நான் கரைந்தா போய்விடுவேன்?" என்றார். அவருடன் வாதாடி வென்றவர் எங்கள் குடும்பத்தில் எவரும் இலர்.

நானும் வாதாடவில்லை. எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். அக்னி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. மூலவரின் திருமுடிக்கு மேல் தாராபாத்திரம் கட்டி, துளித்துளியாக நீர் சொட்டிக்கொண்டிருந்தது. "ஐயனுக்கே இந்த நாட்களில் இடைவிடாமல் குளிர்ச்சி செய்கிறார்கள், அக்கா. உங்களுக்கு மட்டும் வேண்டாமா?" என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. வெகுநேரம் அந்தத் துளிகளையே பார்த்துக்கொண்டிருந்தவர், குருக்களிடம் சென்று, நேர்ந்ததை மாற்றிக்கொள்ளலாமா என்று வினவினார். "முருகனிடம் சொல்லிவிட்டு, அவனுடைய அபிஷேக தீர்த்தமாக நினைத்துப் பருகுங்கள் அம்மா. விரதத்துக்குப் பழுதில்லை" என்றார் அந்தப் பெரியவர். மாத்திரையைத் தாமாக நிறுத்தாமல், மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டோம்.

முதுமையில் தாகம் தன் கடமையை மறந்துவிடுகிறது. உடலில் நீர் குறைந்த பின்னும் நா வறண்டதாகத் தோன்றாது. எனவே தாகத்துக்குக் காத்திராமல், நூறு இருநூறு அடிக்கு ஒருமுறை இரண்டு மிடறு பருகச் செய்தேன். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் வெறுந்தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பதும் சரியன்று. நம் முன்னோர் திருவிழாப் பந்தலில் உப்பிட்ட நீர்மோரும் வெல்லம், சுக்கு, ஏலம் சேர்த்த பானகமும் வைத்ததன் அருமை வெயிலில் நடந்தவர்க்கே புரியும். உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருப்பவர்களும் சர்க்கரை நோயுள்ளவர்களும் அவரவர் அளவை முன்பே கேட்டறிதல் நலம்.

உடலைக் குளிர்விப்பது வியர்வையன்று, அது உலர்வதுதான். திருச்செந்தூர்க் கடற்கரையில் உடல் நனைந்து வழிந்தும் புழுக்கம் தீராததற்குக் காரணம் இதுவே. காற்றில் ஈரம் மிகுந்திருக்க, வியர்வை உலர்வதில்லை. பழனியின் வறண்ட காற்றில் அது விரைந்து உலர்கிறது. எனவே பட்டுப் புடவையை வீட்டில் வைத்துவிட்டு மெல்லிய பருத்திச் சேலை உடுத்தும்படி வேண்டினேன். நனைத்துப் பிழிந்த துண்டு ஒன்றைக் கழுத்தில் சுற்றிவிட்டேன். பட்டுக்காக மட்டும் சிறிது முகம் வாடினார்.

பலரும் மாலையில் புறப்படுகிறார்கள். கல்லும் தாரும் பகலெல்லாம் உண்ட வெயிலைச் சூரியன் மறைந்த பின்னும் உமிழ்ந்துகொண்டிருக்கும். வெறுங்காலுக்கு அது தெரியும். விடியற்காலை நான்கு மணிக்குத்தான் தரை முழுதும் ஆறியிருக்கும். அந்த வேளையில் தொடங்கினோம். முன்னும் பின்னும் கடம்ப மணம். இருளில் அரோகரா முழக்கம்.

வெயில் ஏறிய பின், கிரிவீதியில் முதியவர் ஒருவர் தள்ளாடி அமர்வதைக் கண்டோம். உடல் கொதித்தது, வியர்வையே இல்லை, பெயரைக் கேட்டால் ஏதோ உளறினார். இது வெறும் களைப்பன்று, உயிருக்கே ஆபத்தான நிலை. இளைஞர்கள் சிலர் அவரை நிழலுக்குத் தூக்கிச் சென்று, உடலெங்கும் நீர் தெளித்து விசிறிக்கொண்டே 108 ஊர்தியை அழைத்தனர். தெளிவில்லாதவர் வாயில் நீர் புகட்டக் கூடாது என்று ஒருவர் தடுத்தது நன்று, புரையேறிவிடும். ஊர்தி வருவதற்குள் அவர் கண் திறந்து தம் ஊரைச் சொன்னார். என் தமக்கையார் தம் கையிலிருந்த தண்ணீர்ப் பாத்திரத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

வலம் முடிந்ததும் 693 படிகளையும் ஏறுவார் என்று அஞ்சினேன். அவரோ நேராக மின் இழுவை ரயில் வரிசையில் போய் நின்றார். "படியேறுவதாக நான் நேர்ந்துகொள்ளவில்லையே, தம்பி!"