தெமட்டகொடையில் ஒரு சில்லுப் பாடம்

கொழும்பிலே கடலைக் காண விழைவோர் காலிமுகத் திடலை நாடுவர். சில்லுகளைப் பற்றி அறிய விழைவோர் தெமட்டகொடைக்கு வருதல் வேண்டும். புகையிரதப் பகுதியின் இன்ஜின் கொட்டகை இங்கேதான் இருக்கிறது. மருதானைப் பக்கமாகச் சென்றால், மோட்டார் உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தை வந்துவிடும்.

சென்ற சனிக்கிழமை, நம்மிடம் முன்னர் பயின்ற மாணவர் ஒருவர் தமது காரிலே நம்மை அங்கு அழைத்துச் சென்றார். இருவர் மட்டுமே அமரக்கூடிய மாஸ்டா எம்.எக்ஸ்-5 அது, 1989இல் அறிமுகமான முதற்றலைமுறையைச் சேர்ந்தது. 2020இல் இந்நாட்டிலே தடுக்கப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இலேதான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அக்காலத்திலே பழைய கார்களுக்கு இருந்த மதிப்பைச் சொல்ல வேண்டியதில்லை. தந்தையார் தமது ஓய்வுப் பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்தே இக்காரை வாங்கித் தந்திருந்தார். "நீங்கள் கூட வந்தால் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், சேர்" என்று மாணவர் கூறியபோதே நாம் விழித்திருக்க வேண்டும்!

வெள்ளவத்தையிலிருந்து கிருலப்பனைக்கு வந்து பேஸ்லைன் வீதியில் ஏறினோம். பொரளையையும் வெலிக்கடைச் சிறைச்சாலையையும் கடந்து, தெமட்டகொடையிலே ஒரு கராஜின் முன் கார் நின்றது. பஞ்சிகாவத்தையில் முற்பணம் கொடுத்த நான்கு அகலச் சில்லுகள் அங்கே காத்திருந்தன. பழையவற்றின் அகலம் 5½ அங்குலம். புதியவற்றினது 7 அங்குலம்.

"வளைவிலே கார் தரையைக் கவ்விப் பிடிக்கும், சேர்!" என்றார் மாணவர். நுவரெலியாவின் மஹகஸ்தொட்டை மலையேற்றக் கார்ப்போட்டியைப் பார்த்து வந்தநாள் முதலாக அவருக்கு இதே கனவு.

கராஜ் முதியவரை யாவரும் 'நானா' என்றே அழைத்தனர். அவர் சில்லைப் புரட்டி, உட்புறத்திலே பொறித்திருந்த எண்ணைக் காட்டினார். அகலத்தை மட்டும் பார்த்தல் போதாதாம். சில்லின் நடுக்கோட்டிலிருந்து, அது காரோடு பூட்டப்படும் தளம் வரையுள்ள தூரத்தை 'ஓஃப்செட்' என்பர். பழையதில் அது 45 மில்லிமீற்றர், புதியதில் 25. அகலத்திலே கூடிய 38 மில்லிமீற்றரில் பாதி, அதாவது 19, வெளிப்புறம் வரும். ஓஃப்செட்டிலே குறைந்த 20ஐயும் கூட்டினால், விளிம்பு 39 மில்லிமீற்றர் வெளியே தள்ளி நிற்கும். கணக்கு நமக்கும் விளங்கிற்று.

முன்சில்லுகளைப் பூட்டி, நம்மிருவரையும் காரில் இருத்தி, ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெல்ல உருட்டச் சொன்னார் நானா. 'கிறீச்' என்றது. டயர் மட்கார்ட் விளிம்பிலே உராய்ந்தது.

"விளிம்பைத் தட்டி மடித்துவிடலாமே, நானா?"

"மடிக்கலாம், தம்பி. கூலியும் எனக்குத்தான். ஆனால், சில்லு இவ்வளவு வெளியே போனால் பெயாரிங் சீக்கிரம் தேயும். பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் கையைப் பறிக்கும். மழைத் தண்ணீரிலே வேகமாகப் போனால் அகல டயர் லேசாக மிதந்துவிடும். வேலையை வேறு யாரிடமாவது கொடுங்கள்."

மாணவரின் முகம் வாடிற்று. அவருக்குக் கேடயமாக வந்த நாம் இனியும் மௌனமாயிருத்தல் தகாது.

"அப்பாவை இதிலே ஏற்றிக்கொண்டு மழையிலே போவீரா?" என்று கேட்டோம்.

நெடுநேரம் பதிலில்லை. பின்பு, "மாற்றித் தருவார்களா, நானா?" என்ற குரல் எழுந்தது.

மாற்றித் தந்தார்கள். 6½ அங்குல அகலம், ஓஃப்செட் 38. விளிம்பு ஏறக்குறைய 20 மில்லிமீற்றரே வெளியே வந்தது. பழைய 185/60 ஆர்14 டயருக்குப் பதிலாக 195/50 ஆர்15. இரண்டின் முழு விட்டமும் இரண்டு மில்லிமீற்றருக்குள்ளேயே வேறுபடுவதால் வேகமானியும் பொய் சொல்லாது. இம்முறை முழுவதும் திருப்பியும் ஓசையில்லை.

திரும்புகையில் இன்ஜின் கொட்டகைப் பக்கம் சற்று நின்றோம். இலங்கையின் முதற் புகையிரதம் 1864இல் அம்பேபுஸ்ஸைக்கு ஓடியது முதலாக, அகலப் பாதையின் தண்டவாளங்கள் 1676 மில்லிமீற்றர் இடைவெளியிலேயே கிடக்கின்றன. இன்ஜினின் சில்லை எவரும் தம் விருப்பப்படி வெளியே தள்ளிவிட முடியாது. காருக்கு அத்தகைய தண்டவாளம் இல்லை. அளவைக் காப்பது உரியவரின் பொறுப்பு. அன்று அந்த அளவைக் காத்தவர், தமக்கு வந்த கூலியை வேண்டாமென்ற ஒரு முதியவர்.

மறுநாள் மாலை மாணவர் தொலைபேசியில் அழைத்தார். தந்தையாரைக் காலிமுகத் திடலுக்கு அழைத்துச் சென்றாராம். வழியிலே மழையாம்.