பாலரும் படகும்

யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூழ்ந்த தீவுகளுட் சில தாம்போதிகளால் தரையோடு இணைந்துவிட்டன. நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகியவற்றிற்கு இன்றுங் கடலே வழி. ஆதலின் எம்மவர் பலருக்குப் படகேறுதல் உல்லாசமன்று. கோயிலுக்கும் உறவினர் வீட்டிற்கும் செல்லும் அன்றாடப் பயணமே அது. பழகிய பயணமென்பதாலேயே அதனைப்பற்றி நாம் அதிகஞ் சிந்திப்பதில்லை. வளர்ந்தோர் தனித்துச் செல்லும்போது அவ்வலட்சியம் அவரவர் பொறுப்பு. பாலரை உடன் அழைத்துச் செல்லும்போதோ, எமது துணிவிற்கு அவர்களது உயிரன்றோ பிணையாகின்றது?

என் மகள் பிறந்தபோது, அவளை நயினை நாகபூஷணி அம்மன் சந்நிதிக்குக் கொண்டுவருவதாக என் தாயார் நேர்த்தி வைத்திருந்தார். ஆனி மாதத் திருவிழாவிலேயே அதனை நிறைவேற்ற வேண்டுமென்பது அவர் விருப்பம். ஆனால் ஆனி, சோளகக் காற்றின் காலம். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் அத் தென்மேற்குக் காற்று, ஆழங்குறைந்த எங்கள் கடலிற் குறுகிய, செங்குத்தான அலைகளை எழுப்பும். அதன்பின் வருவது மழையோடு கூடிய வாடை. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட மாசி, பங்குனி மாதங்களிலேயே கடல் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். நெடுந்தீவிற் பிறந்தவரான என் மாமனார், “மாசி பிறக்கட்டும் தம்பி, அம்மாள் அங்கைதானே இருக்கிறா” என்றார். தாயார் சில நாள்கள் முகங்கொடுத்துப் பேசவில்லை. ஈற்றில் இணங்கினார்.

காலந் தெரிந்தபின் நேரந் தெரிதல் வேண்டும். காலையில் அடங்கியிருக்கும் காற்று நண்பகலின் பின் வலுப்பது இயல்பு. ஆகவே காலைப் படகிற் சென்று, பிற்பகலுக்கு முன் திரும்புவதென முடிவுசெய்தோம். படகிலும் இடந் தெரிதல் உண்டு. முன்னணியம் அதிகம் எழுந்து விழும். நடுப்பகுதி அவ்வளவு அசையாது. கீழ்த்தட்டில் வெயில் இல்லையாயினும் எண்ணெய்ப் புகையின் நாற்றமுண்டு. ஆபத்து நேரின், குறுகிய படிகளால் எல்லோரும் ஒருங்கே மேலேற முண்டியடிப்பர். பிள்ளைகளோடு செல்பவர் வெளியேறும் வழிக்கு அண்மையில் அமர்வதே நன்று.

ஆயத்தங்களுள் முதன்மையானது உயிர்காப்பு அங்கி. பெரியவரின் அங்கியைப் பிள்ளைக்கு மாட்டுவது அங்கியே இல்லாமைக்கு ஒப்பானது. நீரில் அங்கி மேலெழ, பிள்ளை கீழே நழுவும். பிள்ளையின் நிறைக்கேற்ற அளவில், தொடைகளுக்கிடையே பூட்டும் வாரோடு கூடியதாக அது இருத்தல் வேண்டும். அங்கியின் தோட்பகுதியைப் பிடித்துத் தூக்கும்போது அது காதுவரை ஏறுமாயின் அளவு பிழை. உடலோடு ஒப்பிடுகையிற் குழந்தையின் தலை பாரமானது. ஆதலாற் கைக்குழந்தையின் அங்கியிற் தலையைத் தாங்கும் கழுத்துப்பட்டி இன்றியமையாதது. சிலர் பாசத்தின் மிகுதியாற் குழந்தையைச் சேலைத் தலைப்பினால் தம் உடலோடு கட்டிக்கொள்வர். படகு கவிழின் அக்கட்டு இருவரையும் ஒருங்கே அமிழ்த்திவிடும்.

அங்கியை வாங்கினாற் போதாது. பிள்ளை அதற்குப் பழகவும் வேண்டும். 6 வயதான என் மகன் வீட்டிற் சில நாள்கள் அதனை அணிந்து விளையாடினான்; பின்னர் கீரிமலைக் கேணியில் அதனோடு மிதந்து பார்த்தான். ஒன்றரை வயதான மகளோ முதன்முறை வீரிட்டழுதாள். நான்காம் முறை மறந்துவிட்டாள். அவ்வழுகை வீட்டில் முடிந்தது நன்று. 2 வயதிற்குட்பட்டோரைக் கடல் மயக்கம் வாட்டுவது அரிது. 2 முதல் 12 வயது வரையுள்ளோரையே அது பெரிதும் வருத்தும். உட்செவி அசைவை உணர, கண்ணோ அசையாத பலகையைக் காண்பதால் விளையும் மயக்கம் அது. மகனுக்கு அளவாக உணவூட்டி, தூரத்தே தெரியும் தீவின் கரையைப் பார்த்திருக்கப் பழக்கினோம்.

இத்துணை ஆயத்தத்தோடும் பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமையொன்றிற் குறிகட்டுவான் இறங்குதுறையை அடைந்தோம். புறப்படவிருந்த படகிற் கூட்டம் மிகுந்திருந்தது. தொங்கிய அங்கிகளையும் ஏறியிருந்த தலைகளையும் எண்ணிப் பார்த்தேன், எண்கள் பொருந்தவில்லை. “அரைமணி நேரப் பயணந்தானே!” என்று உறவினர் கடிந்துகொண்டனர். நாங்கள் ஏறவில்லை. மகன் பசியால் அழ, வெயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் அடுத்த படகிற்காகக் காத்திருந்தோம். முதற் படகு யாதொரு தீங்குமின்றிக் கரைசேர்ந்தது. உறவினருக்கு அது போதுமான சான்றாயிற்று.

இங்கேதான் இவ்விடயத்தின் கடினம் உள்ளது. கூட்டம் மிகுந்த படகுகள் பெரும்பாலும் கரைசேர்ந்துவிடுகின்றன. கரையில் நின்றவனின் முடிவு சரியென்பதற்கு ஒருபோதும் சான்று கிட்டுவதில்லை. அவனுக்குக் கிட்டுவது ஏளனமே. ஏறியவர்களோ ஒவ்வொரு முறையும் தம் துணிவு மெய்ப்பிக்கப்பட்டதாகவே எண்ணுவர். அவ்வெண்ணம் பொய்க்கும் நாளை எவரும் முன்னறிவதில்லை. கிண்ணியா குறிஞ்சாக்கேணியில், பாலம் அமைக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில் மக்கள் நீரேரியைப் படகுப்பாதையில் ஏறிக் கடந்தனர். அது குறுகிய நீர்ப்பரப்பு, கடலும் அன்று. 2021 நவம்பர் 23 இல் அப்பாதை கவிழ்ந்து, பள்ளிக்குச் சென்ற சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். தூரங் குறைவு என்பது பாதுகாப்பன்று என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

பிள்ளைகளுக்குக் கடலைக் காட்டாது வளர்த்தல் தீர்வாகாது. தீவுகளின் மக்களுக்கு அது இயலுவதுமன்று. கடலின் அழகையும் அதன் ஒழுங்கையும் அவர்கள் ஒருங்கே கற்றல் வேண்டும். இதனை வாசிக்கும் மாணவ நண்பர்களுட் பலர் நாளை பெற்றோராவர்; சிலர் இறங்குதுறைகளையும் பாலங்களையும் நிருவகிக்கும் பதவிகளில் அமர்வர். பெற்றோராவோர் தலைகளையும் அங்கிகளையும் எண்ணிப் பார்த்து, பொருந்தாதவிடத்துப் படகைப் போகவிடக் கூச்சப்படாதிருப்பாராக. பதவியில் அமர்வோர், அவ்வாறு எண்ணிப் பார்க்கும் வேலையைப் பெற்றோர் தலையில் மட்டுஞ் சுமத்தாதிருப்பாராக.