மயிற்பொறியும் எம் பட்டறையும்

சென்ற யாண்டு இறுதிப் பருவத்திலே யாம் சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பாடங் கேட்டு வந்தோம். ஏமாங்கத நாட்டு மன்னனாகிய சச்சந்தன், வரவிருக்கும் கேட்டினை உணர்ந்து, சூலுற்றிருந்த தேவி விசயையைக் காப்பான் வேண்டி, பெருந்தச்சன் ஒருவனை அழைப்பித்து மயில் வடிவினதாய எந்திர ஊர்தி யொன்று இயற்றுவிக்கும் பகுதி அது. துணியும் பயினும் நூலும் அரக்கும் மெழுகும் பிறவும் கொண்டு அத்தச்சன் ஏழு நாளில் அதனை முடித்தான் என்கிறார் திருத்தக்கதேவர். இவ்விடத்தே வகுப்பில் நகை யெழுந்தது. "மெழுகும் நூலும் வானிற் பறக்குமாயின் எம் வீட்டு மெழுகுதிரி முன்னரே பறந்திருக்கும்" என்றார் நண்பரொருவர். யாமும் உடன் நகைத்திருக்கலாம். ஏனோ நகையாமல், "பறக்கும் மயிலைச் செய்ய இயலாது, தோகை விரிக்கும் மயிலொன்றை விடுமுறை கழிந்து வருங்கால் கொணர்வோம்" எனச் சொல்லிவிட்டோம்.

அன்று எமக்குச் சினம் மூண்ட காரணத்தை இங்கே எழுதுதல் வேண்டும். எந்தை தச்சர். இதனை இக்கல்லூரியில் எவரும் அறியார். சேர்க்கைத் தாளில் தந்தையின் தொழில் யாதென வினவிய கட்டத்தில் "மர வாணிகம்" என யாம் எழுதியிருந்தோம். அது முழுப் பொய்யன்று. ஆலைகளில் செய்த ஆயத்தக் கதவுகள் கடைதோறும் மலிந்த பின்னர், எந்தைக்கு ஊரில் வேலை குறைந்தது; நான்கு யாண்டுகளாக அவர் ஒரு மரக்கடையில் தடிகளை அளந்து கணக்கெழுதி வருகின்றார். அவருடைய கருவிப் பெட்டி கட்டிலின் கீழே பூட்டிக் கிடந்தது.

விடுமுறையில் வீடு சென்று சாவியைக் கேட்டோம். எதற்கென்று அவர் வினவவில்லை. "உளியைக் கீழே போடாதே, மக்களே" என்று மட்டும் சொல்லிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அடுக்களைக்குப் பின்னே விறகு அடுக்கும் சாய்ப்பு ஒன்றுண்டு. ஆறடி நீளமும் நான்கடி அகலமுமாகிய அவ்விடமே எம் பட்டறையாயிற்று. பழங் கதவொன்றை இரண்டு மரக்கால்களின் மேல் கிடத்திப் பணிமேசையாக்கினோம். எந்தையின் வழக்கப்படி, நின்றால் மணிக்கட்டு எட்டும் உயரத்தில் முதலில் அமைத்தோம். அவ்வுயரம் பலகை இழைப்பார்க்கு உரியது; சிறு பொருள்களைக் குனிந்து குனிந்து அறுப்பார்க்கு முதுகொடிக்கும் உயரம். மூன்றாம் நாள் கால்களுக்குக் கீழே செங்கல் அடுக்கி முழங்கை அளவுக்கு உயர்த்தினோம். மேசையின் ஓரத்தில் இருப்புப் பிடி ஒன்றைப் பொருத்தினோம். திருகினால் வாய் இறுகி மரத்தைப் பற்றும் அதனைக் கடையில் வைஸ் என்பர். இரண்டு உளி, ஒரு சிறு இழைப்புளி, இரண்டு அரம், மூலைமட்டம், கைத்துரப்பணம் ஆகியன பெட்டியிலேயே இருந்தன. நூல்போன்ற அலகுடைய வில்வாள் ஒன்றே புதிதாக வாங்கினோம். அதன் பற்கள் கீழ்நோக்கி யிருத்தல் வேண்டும்; அதனை அறியாது தலைகீழாக மாட்டி ஐந்து அலகுகளை முறித்தோம். அச்சுக்குச் சைக்கிள் சக்கரத்துக் கம்பி. இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள அது வளையாதது, துருவும் எளிதிற் பிடியாதது. பெட்டியின் இரு பக்கப் பலகைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்து ஒரே முறையில் துளையிட்டாலன்றி அச்சு நேராக ஓடாது என்பதை இரண்டு பெட்டிகள் வீணான பின்னரே கற்றோம்.

இத்தகைய பொறிகளின் உயிர் எங்குளது என வினவின், வட்டம் பிறழ்ந்த ஒரு சக்கரத்தில் உளது என்போம். கேம் என்று வழங்கும் அச்சக்கரத்தின் விளிம்பு ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் இருக்கும். அதன் மேல் நிற்கும் கோல், அது சுழலச் சுழல ஏறி இறங்கும். தாளில் வட்டம் வரைந்து பன்னிரண்டு கூறாக்கி, ஒவ்வொரு கூற்றிலும் கோல் எவ்வளவு உயரவேண்டுமோ அவ்வளவைக் குறித்து, புள்ளிகளை இணைத்து அறுத்தால் சக்கரம் ஆயிற்று. தனி மரத்தில் அறுத்தால் இழை வழியே பிளக்கும். இழைகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய ஒட்டுப்பலகையே தக்கது. சுவிட்சர்லாந்து தேயத்து நியூசாட்டல் நகரக் காட்சிச்சாலையில் ஓர் எழுதும் சிறுவன் இருக்கின்றான். பியேர் ஜாக்கே துரோ என்பார் 18ஆம் நூற்றாண்டிற் செய்த பாவை அது. இறகினை மையில் தோய்த்து நாற்பது எழுத்து வரை எழுதும். ஏறத்தாழ 6000 உறுப்புகளால் ஆயது. அவன் உடம்பினுள்ளே அடுக்கிய இச்சக்கரங்களின் விளிம்பிலேதான் அவன் கற்ற கல்வியெல்லாம் இருக்கின்றது. அதனைப் படத்திற் கண்ட நாள் முதல் யாம் ஓட்டுப்பலகை கிடைத்தவிடமெல்லாம் சக்கரம் வரையலானோம்.

எம் மயிலுக்கும் அத்தகைய சக்கரமே செய்தோம். நத்தையின் ஓடு போல விளிம்பு சிறிது சிறிதாக உயர்ந்து, முடிவில் செங்குத்தாக வீழும் சக்கரம். கைப்பிடியை வலமாகச் சுற்றினால் தோகை மெல்ல எழும். உச்சி சேர்ந்ததும் சடக்கென விழும். விழுகின்ற ஓசை யாதோ பலகை சரிந்தாற் போல இருந்ததேயன்றி மயிலின் செயல்போல இல்லை. ஆயினும் அசைகின்றதே என்று மகிழ்ந்து அன்னையையும் தங்கையையும் அழைத்தோம். தங்கை கைப்பிடியைப் பற்றி இடமாகச் சுற்றிவிட்டாள். செங்குத்தான படியிலே கோல் முட்டியது. அவள் இன்னும் வலிந்து சுற்றினாள். கோல் முறிந்து தோகை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. விடுமுறையில் அப்போது பன்னிரண்டு நாளே எஞ்சியிருந்தன. தங்கையை வைதோம். அவள் அழுதாள்.

அவ்விரவு எந்தை சாய்ப்பின் வாயிலில் வந்து நின்றார். முறிந்த கோலை எடுத்து விளக்கொளியில் பார்த்தார். "புத்தகத்தில் எப்படிப் போட்டிருக்கிறது?" என்றார். யாம் சிந்தாமணிச் செய்யுளைப் படித்துப் பொருள் சொன்னோம்: விசயை பொறியை வலமாகத் திரித்தால் மயில் முகிலைக் கிழித்து மேலே எழும், இடமாகத் திரித்தால் இறங்கிக் காலைக் குவித்து இருக்கும். எந்தை சிறிது நேரம் பேசவில்லை. பின்னர் மேசை யோரத்து இருப்புப் பிடியின் கைத்தண்டை வலமாகச் சுற்றினார், வாய் மூடிற்று. இடமாகச் சுற்றினார், வாய் திறந்தது. "இது திருகாணி வேலை, மக்களே. உன் சக்கரம் ஒரு பக்கந்தான் போகும். அந்தத் தச்சன் இரண்டு பக்கமும் போகிற மாதிரி யல்லவா செய்திருக்கிறான்? விட்ட இடத்தில் நிற்கவும் வேண்டும். கையை எடுத்தால் தோகை விழக்கூடாது" என்றார்.

அச்செய்யுளை யாம் வகுப்பிலே படித்தோம், தேர்வுக்கும் எழுதினோம். வலம், இடம் என்னும் இரு சொற்களும் எம் கண்ணில் ஒரு முறையும் தைக்கவில்லை. தேவர் திருகாணியைத்தான் எண்ணினார் என்று யாம் நிறுவப் புகவில்லை. எம் ஆசிரியர் அதற்கு இசையார், இசையாமையே முறையுமாம். காவியத்து மயில் இயங்கியே தீரவேண்டும் என்னும் கட்டாயம் யாது? எனினும் அவ்விரு சொற்களுக்கும் யாம் அதுகாறும் கேட்ட உரைகளில் அதுவே நேரானதாக எமக்குத் தோன்றிற்று.

மறுநாள் எந்தை மரக்கடைக்குச் செல்லவில்லை. எட்டு மில்லிமீட்டர் மரைத்தண்டு ஒன்றையும் நட்டு ஒன்றையும் வாங்கி வந்தார். நட்டு தான் சுழலாதபடி ஒரு தேக்குக் கட்டைக்குள் புதைத்து, அக்கட்டை காடி வழியே நகருமாறு செய்தார். ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் நகரும்; இருபத்துநான்கு சுற்றில் முப்பது மில்லிமீட்டர். கட்டை நகர, நூல் இழுபட்டுத் தோகை எழும். இடமாகச் சுற்றின் தன் பாரத்தால் தாழும். அவர் உளி பிடித்ததை யாம் நான்கு யாண்டுகளுக்குப் பின் கண்டோம். முதற் சீவல் தடித்து வந்தது, முகஞ் சுளித்தார், உளியைத் தீட்டுக்கல்லில் தேய்த்துவிட்டு மறுபடி தொடங்கினார்.

எஞ்சிய நாள்களில் தேவர் கூறிய பொருள்கள் யாவும் எம் வீட்டிலேயே கிடைத்தன. துணிக்கு அன்னையின் பழம்புடைவை. பயினுக்கு அவர் காய்ச்சித் தந்த புளியங்கொட்டைப் பசை. நூலுக்குத் தங்கையின் தையற்பெட்டி. (அவள் அதனை உடனே தரவில்லை.) அரக்கு மட்டும் யாண்டுப் பெறுவோமென்று மயங்கினோம். எந்தையின் பெட்டியின் அடியில், மரத்துக்கு மெருகிடும் அரக்குத்தூள் ஒரு பொதி இருந்தது. பிறவும் என்றாரே தேவர். அவ்வொரு சொல்லில்தான் தென்னை ஈர்க்கும் குமிழ மரமும் சைக்கிள் கம்பியும் முறிந்த ஐந்து அலகும் அடங்கின போலும்! ஏழு நாள் என்பதைக் குறித்து யாம் ஒன்றும் சொல்லோம். எமக்கு ஏழு வாரம் ஆயிற்று.

மயில் இப்போது எம் தமிழ்த்துறை அலமாரியின் மேல் இருக்கின்றது. வருவோர் சுற்றிப் பார்க்கின்றனர். பாதியில் விட்டால் பாதி விரிந்தபடியே நிற்கின்றது. செய்தவர் யாரென நகைத்த நண்பர் வினவினார். "எந்தை, அவர் தச்சர்" என்றோம். அவர் மேலும் இரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, தம் வீட்டுச் சுவர்க்கடிகாரம் நின்றுவிட்டது என்றும் அதனை அவர் பார்ப்பாரா என்றும் கேட்டார். தச்சர்க்கும் கடிகாரத்துக்கும் என்ன தொடர்போ! இவ்வாண்டுச் சேர்க்கைத் தாளில் அக்கட்டத்தைத் திருத்தி எழுதினோம். எழுத்தர் அதனைப் பாராமலே முத்திரையிட்டார்.

பெட்டியின் அடிப்பலகையில் எந்தை பென்சிலால் இட்ட அளவுக் குறிகள் இன்னும் இருக்கின்றன. அதன் மேல் மெருகு பூசவில்லை. இடப்பக்கத்துக் கடைசிப் பீலி ஒன்று மட்டும் மழைநாளில் எழுவதில்லை. அதன் துளையில் மெழுகு தேய்க்கும்படி அவர் சொல்லியனுப்பியுள்ளார்.