பதினான்கு படிகளின் பூர்வீகம்

மாதிரி ரயில்களை டிஜிட்டல் முறையில் இயக்குவோரிடையே நன்கு அறியப்பட்ட கோளாறு ஒன்று உண்டு. கட்டுப்பாட்டுக் குமிழைத் திருகி என்ஜினின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டும்போது, அதன் முகப்பு விளக்கு ஒரு படியில் அணைந்தும் அடுத்த படியில் எரிந்தும், மீண்டும் அணைந்தும் எரிந்துமாக, வேகத்தை எண்ணிக் காட்டுவதுபோல் சிமிட்டிக்கொண்டே செல்கிறது. என்ஜினுக்குள் இருக்கும் ஓர் எண்ணைத் திருத்தினால் இக்கோளாறு நீங்கிவிடும் என்பதால், அதற்குமேல் காரணம் தேடுவோர் குறைவு. ஆயினும், மோட்டாரின் வேகத்துக்கும் விளக்கின் ஒளிக்கும் இடையே இத்தகைய பிணைப்பு ஏன் ஏற்பட்டது என்ற கேள்வியைப் பற்றிக்கொண்டு பின்னோக்கிச் சென்றால், டிஜிட்டல் கமாண்ட் கன்ட்ரோல், சுருக்கமாக டிசிசி, எனப்படும் இம்முறையின் வம்சாவளி ஓரளவு துலங்குகிறது. அதன் தடயங்கள் வரலாற்று நூல்களைவிடத் தண்டவாளத்தில் ஓடும் கட்டளைகளின் அமைப்பிலேயே மிகுதியாகத் தங்கியுள்ளன.

டிஜிட்டல் முறைக்கு முன்பு, இரு தண்டவாளங்களைக் கொண்ட மாதிரி ரயில்கள் பெரும்பாலும் 12 வோல்ட் வரையிலான நேர்திசை மின்னோட்டத்தில் இயங்கின; மின்னழுத்தம் கூடினால் வேகம் கூடும், இரு தண்டவாளங்களின் நேர், எதிர் முனைகள் இடம் மாறினால் திசை மாறும். இம்முறையில் கட்டளை செலுத்தப்படுவது என்ஜினுக்கு அன்று, தண்டவாளத்துக்கே என்பதுதான் இதன் அடிப்படைக் குறை. ஒரே தண்டவாளத்தில் இரண்டு என்ஜின்கள் நின்றால் இரண்டும் ஒன்றாகவே புறப்படும். இதனைத் தவிர்க்கப் பாதையை மின்காப்பிட்ட பல துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனி விசை வைத்து, ரயில் நகர நகர விசைகளை மாற்றிக்கொண்டே செல்ல வேண்டியிருந்தது. ரயிலை ஓட்டுவதைவிட விசைகளை ஓட்டுவதே பெரும்பாடாகிவிட்ட அந்த நிலையிலிருந்துதான், கட்டளை தண்டவாளத்தின் வழியே சென்றாலும் குறிப்பிட்ட என்ஜினை மட்டும் சேர வேண்டும் என்ற விருப்பம் பிறந்தது.

இவ்விருப்பம் டிசிசியைவிட மிகப் பழையது. அமெரிக்காவின் லயனல் நிறுவனம் ரேடியோ அதிர்வெண்களைப் பயன்படுத்தும் ஒரு ரயில் தொகுதியை 1946-இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனம் 1960-களில் வெளியிட்ட ஆஸ்ட்ராக் என்னும் அமைப்பு, ஒவ்வோர் என்ஜினுக்கும் வெவ்வேறு அதிர்வெண்ணை ஒதுக்கி, ஐந்து என்ஜின்களைத் தனித்தனியே இயக்கியது. பிரிட்டனின் ஹார்ன்பி நிறுவனம் 1970-களின் இறுதியில் அறிமுகப்படுத்திய ஜீரோ 1, 4 பிட் நுண்செயலியைக் கொண்டு 16 என்ஜின்களுக்கு முகவரி கொடுத்தது. ஏறக்குறைய அதே காலத்தில் 'மாடல் ரெயில்ரோடர்' இதழ் வெளியிட்ட சிடிசி-16 என்னும் சுயதயாரிப்புத் திட்டமும், பெயரே காட்டுவதுபோல், 16 என்ஜின்களுக்கானதே. இவை ஒவ்வொன்றும் தனக்கெனத் தனிமொழி பேசின. ஒன்றின் என்ஜின் மற்றொன்றின் கட்டளையைப் புரிந்துகொள்ளவில்லை.

டிசிசியின் மொழியைப் பகுத்துப் பார்க்க, முதலில் அதன் எழுத்துகளை அறிய வேண்டும். இம்முறையில் தண்டவாளத்துக்கு எப்போதும் முழு மின்னழுத்தமே தரப்படுகிறது. ஆனால் அதன் முனைகள் ஒரு நொடியில் பல்லாயிரம் முறை இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. ஒரு முனைநிலை 58 மைக்ரோவினாடியும் அதன் எதிர்நிலை 58 மைக்ரோவினாடியும் நீடித்தால் அது 'ஒன்று'. ஒவ்வொரு நிலையும் 100 மைக்ரோவினாடியோ அதற்கு மேலோ நீடித்தால் அது 'சுழி'. ஒன்று, சுழி என்னும் இவ்விரு நிலைகளுள் ஏதேனும் ஒன்றை ஏற்கும் ஓரிடமே பிட் எனப்படுகிறது. எட்டு பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். என்ஜினுக்குள் பொருத்தப்படும் டிகோடர் என்னும் சிறு மின்னணுப் பலகை, இந்த மின்னோட்டத்தை நேராக்கி மோட்டாருக்கு ஆற்றலாகவும், அதன் நீளங்களை அளந்து தனக்குக் கட்டளையாகவும், ஒரே கம்பியிலிருந்து இரண்டையும் பெற்றுக்கொள்கிறது.

ஒரு கட்டளைப் பொட்டலம், கேட்பவரை விழிப்பூட்டும் குறைந்தது 14 'ஒன்று'களின் வரிசையோடு தொடங்கி, பிறகு முகவரி பைட், செயல் பைட், பிழை காணும் பைட் என்று தொடர்கிறது. ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு சுழி நிற்கும், முடிவில் ஓர் 'ஒன்று' வரும். எடுத்துக்காட்டாக, முகவரி 3 கொண்ட என்ஜினுக்கு 00000011 என்ற முகவரியும் 01100110 என்ற செயலும் சென்றால், இவ்விரண்டையும் பிட் பிட்டாக ஒப்பிட்டு, ஒத்திருக்கும் இடத்தில் சுழியும் மாறுபடும் இடத்தில் ஒன்றும் இட்டுப் பெறப்படும் 01100101 என்பதே பிழை காணும் பைட். டிகோடர் தானும் அதே ஒப்பீட்டைச் செய்து, விடை பொருந்தாவிட்டால் அந்தப் பொட்டலத்தைப் புறக்கணித்துவிடுகிறது. அழுக்குப் படிந்த தண்டவாளத்திலும் தேய்ந்த சக்கரத்திலும் என்ஜின் தாறுமாறாக ஓடாமல் இருப்பதற்கு இந்த எளிய கணக்கு பெரிதும் துணை நிற்கிறது.

தேடலுக்குரிய பொருள் அந்தச் செயல் பைட்டில் இருக்கிறது. முதல் இரு பிட்டுகளாகிய 01, இது வேகம் பற்றிய கட்டளை என்று அறிவிக்கின்றன. மூன்றாவது பிட் திசையைச் சொல்கிறது. கடைசி நான்கு பிட்டுகள் வேகத்தைத் தருகின்றன. நான்கு பிட்டுகளால் 16 எண்களை எழுதலாம். அவற்றுள் 0 நிற்பதற்கும், 1 அவசரமாக நிற்பதற்கும் போக, 2 முதல் 15 வரையுள்ள 14 எண்களே வேகப் படிகள். இவற்றுக்கு நடுவே எஞ்சி நிற்கும் நான்காவது பிட்டுக்குத்தான் இரட்டை வாழ்க்கை. 14 படிகளில் ஓடும் டிகோடருக்கு அது முகப்பு விளக்கின் விசை. 28 படிகளில் ஓடும் டிகோடருக்கோ அதுவே வேகத்தின் ஐந்தாவது பிட். அந்த ஐந்தாவது பிட்டும் வேக எண்ணின் முன்னே அமர்ந்திருந்தாலும் மதிப்பில் கடைசியாக, அதாவது ஒவ்வொரு படிக்கும் 0, 1, 0, 1 என்று மாறுவதாகக் கொள்ளப்படுகிறது. 01100110 என்பது 9-ஆம் படி, 01110110 என்பது 10-ஆம் படி. பொட்டலங்களை அனுப்பும் கட்டளை நிலையம் 28 படிகளில் பேச, டிகோடர் 14 படிகளில் கேட்டால், படிதோறும் மாறும் அந்த பிட்டை அது விளக்கின் ஆணையாகவே எடுத்துக்கொள்கிறது. சிமிட்டலின் காரணம் இதுவே. இருவரும் இடம் மாறிப் பேசினால், விளக்கை ஏற்றும் கட்டளைக்கு விளக்கு எரியாமல் என்ஜின் மட்டும் சற்று வேகமெடுப்பதையும் காணலாம்.

முதலிலிருந்தே 28 படிகளுக்காக ஒரு மொழியை அமைத்திருந்தால், மதிப்பில் மிகச் சிறிய பிட்டை மற்ற நான்கிற்கும் முன்னால் கொண்டுபோய் வைக்க யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். அமெரிக்காவின் நேஷனல் மாடல் ரெயில்ரோடு அசோசியேஷன், அதாவது 1935-இல் மில்வாக்கியில் தொடங்கப்பட்ட மாதிரி ரயில் ஆர்வலர் சங்கம், வகுத்த தரநிலையும் இதை மறைக்கவில்லை. இந்த பிட் இயல்பாக வேகத்துக்கு உரியது என்றும், முந்தையவற்றோடு ஒத்துப்போகும் பொருட்டு இதை விளக்குக்குப் பயன்படுத்தலாம் என்றும் அது கூறுகிறது. அப்படியானால் 'முந்தையது' ஒன்று இருந்திருக்கிறது.

அந்த முந்தையது ஜெர்மனியில் இருக்கிறது. கீசன் நகரில் பெர்ன்ட் லென்ஸ் நடத்திய லென்ஸ் எலெக்ட்ரானிக் நிறுவனம், மெர்க்லின், ஆர்னால்ட் என்னும் இரு மாதிரி ரயில் தயாரிப்பாளர்களுக்காக, இரு தண்டவாள நேர்மின் என்ஜின்களுக்குரிய டிஜிட்டல் முறையை உருவாக்கியது. அதன் டிகோடர்கள் 1989-இல் ஆர்னால்டின் பெயரிலும் 1990-இல் மெர்க்லினின் பெயரிலும் சந்தைக்கு வந்தன. பொதுவான ஒரு தரத்தைத் தேடிய அமெரிக்கச் சங்கத்தின் குழு உற்பத்தியாளர்களிடம் முன்மொழிவுகளைக் கேட்டபோது, மெர்க்லினும் கெல்லர் எஞ்சினியரிங்கும் மட்டுமே தம் முறைகளை முன்வைத்தன. குழு மெர்க்லினுக்காக லென்ஸ் உருவாக்கிய முறையைத் தேர்ந்தெடுத்து, உரிமம் பெற்று, விரிவாக்கி, அதன் முன்வடிவத்தை 1993 அக்டோபர் 'மாடல் ரெயில்ரோடர்' இதழில் வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் மொழியைப் பலரும் பேசும் பொதுமொழியாக்கிய இச்செயலே, இன்று ஒருவர் செய்த டிகோடர் மற்றொருவர் செய்த கட்டளை நிலையத்தின் கீழ் ஓடுவதற்கு அடிப்படை. இத்துறையில் செய்யப்பட்ட வேறு எந்தக் கண்டுபிடிப்பும் இதற்கு ஈடாகாது என்று துணிந்து கூறலாம். பொதுமொழியாக்கியபோது, லென்ஸின் 14 படிகளும், விளக்கு வேகத்தோடு ஒரே பைட்டில் பயணிக்கும் வழக்கமும் கூடவே வந்துசேர்ந்தன.

அவை லென்ஸுக்கு எங்கிருந்து வந்தன என்பதே அடுத்த கேள்வி. மெர்க்லின் 1980-களின் நடுவில் தன் சொந்த மூன்று தண்டவாள ரயில்களுக்காக வேறொரு டிஜிட்டல் முறையை ஏற்கெனவே விற்றுவந்தது. அதன் மையத்தில் இருந்தது மோட்டோரோலா நிறுவனத்தின் எம்சி145026 வகைச் சில்லு. மாதிரி ரயிலை மனத்தில் கொண்டு செய்யப்படாத, தொலைக்கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான பொதுச் சில்லு அது. அதன் ஒவ்வொரு முகவரி இடமும் இரண்டல்ல, மூன்று நிலைகளை ஏற்கக்கூடியது. பெறும் பக்கத்துச் சில்லொன்றில் இத்தகைய முகவரி இடங்கள் ஐந்தும், வெறும் ஒன்று–சுழிக்கான தரவு இடங்கள் நான்கும் இருந்தன. மெர்க்லின் முகவரிக்கு நான்கு இடங்களை எடுத்துக்கொண்டது. மூன்றை நான்கு முறை பெருக்கினால் 81, அவற்றுள் 80 என்ஜின் முகவரிகளாயின. மீந்த ஐந்தாவது இடம் விளக்கு முதலிய ஒற்றைச் செயலுக்குப் போயிற்று. வேகத்துக்கு எஞ்சியவை அந்த நான்கு தரவு இடங்களே. அவற்றின் 16 எண்களில் 0 நிற்பதற்கு, 1 திசை மாற்றத்துக்கு, 2 முதல் 15 வரை 14 வேகப் படிகளுக்கு.

நான்கு பிட்டும் 14 படியும் இரண்டிலும் இருப்பதை மட்டும் கொண்டு உறவை நிறுவிவிட முடியாது. நான்கு பிட் என்பது அக்காலச் சில்லுகளின் பொது இயல்பு. ஜீரோ 1-இன் 16 முகவரிகளும் அதையே காட்டுகின்றன. ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போர் இத்தகைய இடத்தில் ஒரு நெறியைக் கையாள்வர்: இரு சுவடிகள் சரியான பாடத்தில் ஒத்திருப்பது உறவுக்குச் சான்றாகாது, காரணமற்ற ஒரே பிழையில் அல்லது ஒரே இடைவெளியில் ஒத்திருப்பதே சான்று. அந்நெறிப்படி நோக்கினால், எடை மிகுந்த சான்று 1 என்னும் எண்ணில் கிடைக்கிறது.

மெர்க்லினின் மூன்று தண்டவாள அமைப்பில் வெளிப்புறத் தண்டவாளங்கள் இரண்டும் மின்னியல்படி ஒன்றே. மற்றொரு முனை நடுவிலுள்ள தொடுபுள்ளிகளின் வழியே வருகிறது. ஓடுவது மாறுதிசை மின்னோட்டம். ஆகவே நேர், எதிர் முனைகளால் திசையைக் குறிக்க அங்கே வழியில்லை. டிஜிட்டலுக்கு முந்தைய காலத்தில் 16 வோல்ட்டில் ஓடிய அந்த என்ஜின்களுக்கு 24 வோல்ட் துடிப்பு ஒன்றைக் கொடுத்தால், உள்ளிருக்கும் விசை புரண்டு, எந்தத் திசையில் நின்றதோ அதற்கு எதிர்த்திசையில் புறப்படும். 'முன்னே செல்' என்ற கட்டளை அந்த உலகில் இல்லை. 'திரும்பு' என்பது மட்டுமே உண்டு. டிஜிட்டல் முறையில் 1 என்ற எண் செய்ததும் அந்தத் துடிப்பின் வேலையையே. நிற்கும் நிலைக்கும் முதல் வேகப் படிக்கும் நடுவே ஓர் எண் இவ்வாறு ஒதுக்கப்பட்டது மெர்க்லினுக்கு இயல்பான தேவை.

லென்ஸின் முறையில் திசைக்கெனத் தனி பிட் உள்ளது. 'திரும்பு' என்ற கட்டளை அங்கே தேவையே இல்லை. இருந்தும் 0-க்கும் முதல் படிக்கும் நடுவே அதே இடம் வேகத்துக்கு மறுக்கப்பட்டு, அவசர நிறுத்தம் அதில் குடியமர்த்தப்பட்டிருக்கிறது. விளக்கும் வேகமும் ஒரே பொட்டலத்தில் பயணிக்கும் வழக்கமும் இதனோடு சேரும்போது, மெர்க்லினுக்காக உருவாக்கப்பட்ட இந்த இரண்டாவது மொழி அதன் முதல் மொழியின் சட்டகத்துக்குள் பொருந்துமாறு வார்க்கப்பட்டது என்ற முடிவே பொருத்தமாகத் தோன்றுகிறது. இது ஆவணம் கூறும் செய்தியன்று, அமைப்பிலிருந்து பெறப்படும் ஊகம். ஆயினும் மூன்று ஒற்றுமைகளையும் தற்செயல் என்று தள்ளுவது அதனினும் கடினமான ஊகம்.

டிசிசியின் எல்லாக் கூறுகளும் இவ்வழியில் வந்தவை அல்ல. அதன் அலைவடிவம் இரு தண்டவாள நேர்மின் உலகின் பிள்ளை. 'சுழி'யின் ஒரு பாதியை மட்டும் நீட்டலாம் என்ற சலுகை அதில் உண்டு. அவ்வாறு நீட்டினால் சராசரி மின்னழுத்தம் ஒரு பக்கம் சாய, டிகோடர் இல்லாத பழைய என்ஜின் ஒன்று, நின்றாலும் ஓடினாலும் ரீங்காரமிட்டபடியே, 0 என்னும் முகவரியின் கீழ் இயங்கும். அலமாரி நிறையப் பழைய என்ஜின்களை வைத்திருப்போரைக் கைவிடாத இந்தப் பரிவு, எம்சி145026-இன் வழிவந்த முறையில் இல்லாதது.

14 படிகள் போதாமற்போன காரணத்தை ஓர் எளிய கணக்கு காட்டும். எச்ஓ எனப்படும் 1:87 அளவில், மணிக்கு 140 கிலோமீட்டருக்கு நிகராக ஓடும் என்ஜினின் வேகம் 14 சமப் படிகளாகப் பகுக்கப்பட்டால், ஒவ்வொரு படியும் 10 கிலோமீட்டருக்கு நிகர். தண்டவாளத்தில் அது நொடிக்கு 3 சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான தாவல். யார்டில் பெட்டியோடு பெட்டியை மெல்ல இணைக்க விரும்பும் ஒருவருக்கு இத்தாவல் கண்ணை உறுத்தும். 28 படிகள் அதனைப் பாதியாக்கின. பின்னர் வந்த, 7 பிட்டுகள் கொண்ட நீண்ட கட்டளை 126 படிகளைத் தந்து, ஒரு படியை ஏறக்குறைய 1 கிலோமீட்டருக்குச் சுருக்கியது. அந்த நீண்ட கட்டளையிலும் 0 நிற்பதற்கும் 1 அவசர நிறுத்தத்துக்கும் உரியவையாகவே உள்ளன.

சிமிட்டும் விளக்கைத் திருத்தும் எண் டிகோடரின் 29-ஆவது அமைப்பு மாறியில் இருக்கிறது. அமைப்பு மாறி என்பது, மின்சாரம் நின்றாலும் அழியாமல் டிகோடரின் நினைவகத்தில் தங்கும் ஓர் எண். அந்த மாறியில் 2 என்னும் மதிப்புடைய பிட்டை ஒன்றாக்கினால் என்ஜின் 28 படிகளில் கேட்கத் தொடங்கும், விளக்கும் அமைதியாக எரியும். பயனர் கையேடுகள் அந்த பிட்டை வேகப் படிகளைத் தேர்ந்தெடுப்பதற்கான விசை என்றே விளக்குகின்றன. தரநிலையிலோ அதற்கு வேகத்தின் பெயர் இல்லை. முகப்பு விளக்கின் இருப்பிடம் என்பதே அங்கு அதன் பெயர்.