இலையின் குரல்

ஜேர்மனியக் காடுகளில் வாழும் றோ மான் உருவிற் சிறியது. யூலை மாதக் கடைசியிலிருந்து ஓகஸ்ட் நடுப்பகுதிவரை அது இணைசேரும் காலமாகும். அப்போது பிணை எழுப்பும் மெல்லிய கீச்சொலியை, பீச் மரத்தின் இலையொன்றை இரு பெருவிரல்களுக்கிடையே இழுத்துப் பிடித்து ஊதி எழுப்புவர் வேட்டைக்காரர். மரத்தாலும் இறப்பராலும் ஆன ஊதுகருவிகள் இன்று விற்பனைக்குண்டு. ஆயினும் 'இலை' என்னும் சொல்லடியாகப் பிறந்த பெயரே இவ்வேட்டைக்கு இன்றும் வழங்குகின்றது.

ஒலியை ஒரு மாலைப்பொழுதிற் பயின்றுவிடலாம். ஊதாதிருக்கப் பழகுவதற்கோ பல பருவங்கள் வேண்டும். பருவத்தின் உச்சத்திலே கலைமான் தன் துணையை விட்டு நீங்காது. எத்துணைத் திறம்பட ஊதினும் திரும்பியும் பாராது. இசையும் பிணைகள் அருகிப்போக, கலை தேடியலையும் இறுதி நாட்களே அழைப்புக்கு உகந்தவை. இடத்தை அடைந்தபின் கால்மணி நேரமேனும் அசையாதிருத்தல் வேண்டும். முதலழைப்பு மிக மெல்லியதாதல் நன்று. கலை அருகிலுள்ள புதரிலேயே படுத்திருக்கவுங்கூடும். நாலைந்து கீச்சொலி, பின்னர்ச் சில நிமிட மௌனம். பொறுமையற்றவன் மேலும் மேலும் ஊதித் தன் வரவைக் காடு முழுவதற்கும் அறிவித்துவிடுகின்றான். இளங்கலை சிலவேளை நேரே பாய்ந்து வரும். முதிர்ந்ததோ வட்டமிட்டு, காற்று மனித மணத்தைக் கொண்டுசெல்லும் பக்கமாக வந்து மோப்பம் பிடிக்கும். அப்பக்கம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்படி அமர்தல் அவசியம்.

இன்னோர் ஒலியும் உண்டு; அது குட்டியின் அபயக்குரல். அதைக் கேட்டதும் தாய் ஓடிவரும். அதன்பின்னே கலையும் வரும். பயன் மிகுந்த முறையென்பதில் ஐயமில்லை; ஆயினும் மெச்சத்தக்க முறையன்று. குட்டியை வளர்க்கும் தாயைக் கொல்வது அந்நாட்டுச் சட்டப்படி குற்றம். அதனைப் பதறவைப்பதோ குற்றமன்று. குட்டி மறைந்திருக்கும் புல்வெளிக்கும் பொய்க்குரல் எழுந்த புதருக்குமிடையே அத்தாய் அலமருவதைக் கண்ட பின்னரும் மறுமுறை ஊதுவதற்கு நெஞ்சில் ஒருவகைக் கடினம் வேண்டும்.

விலங்கின் நாட்டத்தையே அதற்கு வலையாக்கும் வழக்கம் ஜேர்மனியர்க்கு மட்டும் உரியதன்று. பண்டைத் தமிழ் வேட்டுவர், பழக்கிய மானைப் 'பார்வை' எனக் கட்டிவைத்துக் காட்டுமானை ஈர்த்தனர். புறநானூற்றின் 320ஆம் பாட்டிலே அத்தகைய பிணையொன்று முற்றத்தில் நிற்கின்றது. காட்டிலிருந்து வந்த தனிக்கலை அதனுடன் கூடி விளையாடுகின்றது. வேட்டுவனோ உறங்குகின்றான். இதைக் கண்ட மனைவி, கணவன் எழுந்துவிடுவானோ எனவும், கலை பிணையைப் பிரிந்துவிடுமோ எனவும் அஞ்சி அசையாது நிற்கின்றாள். மான்தோலின்மீது காயும் தினையைக் காட்டுக்கோழிகள் கவர்ந்துண்கின்றன. அவற்றையும் அவள் ஓட்டவில்லை.